ஜெபகனிக்கு ஒரு பூசை

எங்க வீட்டுக்காரர் பேரு மரியான். புருசன் பேரச் சொன்னா ஆயுசு குறைஞ்சிரும்னு எங்க தெருவுல இன்னும் ரெண்டு மூணு பேரு வாயப் பொத்திக்கிட்டு அலையுதாவ. நான் கல்யாணமான மறுவாரத்துலேருந்து தெருவுக்கே கேக்க "மரியான், மரியான்"னு கத்திக்கிட்டுத்தான் இருக்கேன். மனுசன் குத்துக்கல்லு மாதிரிதான் இருக்காரு. நான் கத்துதது அவரு காதுல விழாது, அது ஒண்ணுதான் குறை.

காது போனது சங்கு குளிச்சதுல. முத்துக்குளிப்பெல்லாம் எங்க மாமனாரு காலத்தோட முடிஞ்சு போச்சு. இவரு தலையெடுத்தப்போ கடலுக்கடியில மிச்சமிருந்தது சங்குதான். இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு மூச்சடக்கி எறங்குவாரு. மேல வள்ளத்துல இவரு கூட்டாளி சிலுவை அண்ணன் கயித்தோட மறுமுனையப் பிடிச்சிருப்பாரு. கீழேருந்து ஒரு சுண்டு சுண்டுனா மேல இழுக்கணும். ஒருநா ஆழத்துல ரெண்டு காதும் பொட்டுன்னு போயி, மூக்கு வழியா ரத்தம் வந்துட்டு. இனிமே குளிக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. பெறவு கொஞ்ச காலம் வலைக்குப் போனாரு, மூட்டும் போச்சு. இப்போ ஐஸ் கம்பெனி கேட்டுல வாட்ச்மேன். ஐஸக் களவாண்டுட்டு எவன் எம்புட்டு தூரம் ஓடிருவான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

இந்த மனுசனப் பத்தித்தான் இப்போ ஊருல ஆளுக்கொரு கதை சொல்லுதாவ. அதனால நடந்தத நடந்தபடி நானே சொல்லிருதேன். நம்புனா நம்புங்க, நம்பலன்னா உங்க இஷ்டம்.

எல்லாத்துக்கும் மொதக் காரணம் எங்க மக விஜிலா. கேட்டுல சும்மா குந்திக்கிட்டிருக்க அப்பனுக்குப் பொழுது போவட்டும்னு ஒரு போன் வாங்கிக் குடுத்தா. அதுல ஒரு ஜப்பான் பொம்மைப் படத்தையும் போட்டுக் குடுத்தா. தமிழ்லயே பேசுது. வாரத்துக்கு ஒரு பாகம் வரும். அவ பாலிடெக்னிக் படிக்கையிலேருந்து இந்த மாதிரிப் படம் பாக்குத பிள்ளைதான். அது அவளோட நின்னுருந்தா எனக்கு ஒரு சங்கடமும் இல்ல.

கதை இதுதான். வானத்துலேருந்து கண்ணும் மூக்கும் இல்லாத சென்மங்க வந்து கடலுக்குள்ள எறங்குது. அதுகள அடிக்க, நாலு பனமரத்த ஒண்ணு மேல ஒண்ணு நட்டு வச்ச உயரத்துல இரும்பு ரோபோ. அத பட்டாளத்துக்காரன் ஓட்டுனா நகராது, பேரு பெத்த இன்சினியர் ஓட்டுனாலும் நகராது. பள்ளிக்கூடம் போற பொம்பளப் பிள்ளைங்க அஞ்சு பேரு ஓட்டுனாத்தான் நகரும். ஏன்னு கேட்டேன். "அது அப்படித்தான்"னுட்டாரு. அந்தப் பிள்ளைங்க உலகத்தையே காப்பாத்துது, ஆனா முழங்காலு மறைய ஒரு பாவாடை தச்சுக் குடுக்க அந்த ஊருல ஒரு டெய்லர் இல்ல போல.

அவரு காதுக்கு ஏத்த மாதிரி சத்தத்த முழுசாத் தூக்கி வச்சுத்தான் பாப்பாரு. என்ன படம்னு தெரியாமலே பாதித் தெரு அந்தச் சத்தத்தக் கேட்டுச்சு. அந்தப் பிள்ளைங்களோட ஜப்பான் பேரு அவரு வாயில நுழையல. அதனால இவராவே பேரு வச்சிட்டாரு. கண்ணாடி போட்டவ பிலோமி. எப்பவும் மூக்கச் சிந்துதவ செல்வராணி, அது எந்தங்கச்சி பேரு. ரெட்டைச் சடை போட்டு எந்நேரமும் எதையாவது தின்னுக்கிட்டே சண்டை போடுதவதான் ஜெபகனி. எங்க குடும்பத்துல, எங்க தெருவுல, எங்க கோயில் பங்குல ஜெபகனின்னு ஒருத்தியும் கெடையாது. "மூஞ்சப் பாத்தா ஜெபகனி மாதிரிதான இருக்கா?"ன்னு எங்கிட்டயே திருப்பிக் கேக்காரு. இவளுக்குத்தான் மத்த நாலு பேரயும் விட கை பழக்கம் சாஸ்தின்னு அவருக்கு ஒரே பெருமை.

அந்தப் பிள்ளைங்களுக்கு உத்தரவு போடுத தாடிக்காரன் ஒருத்தன் வருவான். அவன மட்டும் இவருக்குக் கண்டாலே ஆவாது. "பிள்ளை அடியில கெடக்கு, இவன் மேல காப்பி குடிக்கான் பாரு! கயிறு பிடிக்கத் தெரியாத சவம்!"னு போனப் பாத்து வைவாரு. எங்கிட்ட ஒருநாளும் இப்படி உணர்ச்சியாப் பேசுனவரு இல்ல.

இனி விஜிலாவப் பத்திச் சொல்லணும். எம்பிள்ளை துறைமுகத்துக்குப் பக்கத்துல கண்டெய்னர் அடுக்குத யார்டுல கிரேன் ஓட்டுதா. முத்தையாபுரம் பஸ்ஸுல ஏறிப் போவா. தலையில ஹெல்மெட்டு, ஆரஞ்சுச் சட்டை. அந்தக் கிரேன் ஒரு அஞ்சாறு மாடி உயரம் இருக்கும். உச்சியில ஒரு கண்ணாடிக் கூடு. தரையும் கண்ணாடி. அதுல தனியா உக்காந்து, ரெண்டு கையிலயும் ரெண்டு குச்சியப் பிடிச்சிக்கிட்டு, காலுக்கு நடுவுல கீழ பாத்துப் பாத்து, லாரி நீளத்துப் பெட்டியத் தூக்கி பூ மாதிரி வைப்பா. ஆம்பளைங்க ரெண்டு தடவை எறக்கி ஏத்தி வைக்கத அவ ஒரே தடவையில வச்சிருவான்னு கூட வேலை செய்யுத பையன் ஒருத்தன் எங்கிட்டச் சொன்னான். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கவலை.

ஏன்னா மாப்பிள்ளை கெடைக்கல. பாக்க வாரவன்லாம் பிள்ளை நல்லாருக்கு, படிச்சிருக்கு, கொணம் தங்கம்னு சொல்லுவான். என்ன வேலைன்னு கேட்டதும் காப்பிய அப்படியே வச்சிட்டுப் போயிருவான். வயசு இருபத்தாறு முடிஞ்சிட்டு. நான் வேண்டாத மாதா இல்ல, ஏத்தாத திரி இல்ல.

அப்பத்தான் சிலுவை அண்ணன் ஆலந்தலையிலேருந்து ஒரு சம்மந்தம் கொண்டாந்தாரு. பையன் பேரு ரெக்சன், சரக்குக் கப்பல்ல வேலை. பாதி வருசம் கடல்ல, பாதி வருசம் வீட்டுல. போனுல விஜிலாவோட பேசுனான். மொத நாளு அஞ்சு நிமிசம். பெறவு மாடியில துணி காயப்போடப் போனவ துணி காஞ்சதுக்கப்புறமும் எறங்கி வரல, மேல ஒரே சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பக் கேட்டதும் கண்ணு கலங்கிட்டு. எம்பிள்ளை அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

பையனோட அம்மா பேரு விக்டோரியா. வீட்டுக்கு வந்தா, பிள்ளையப் பாத்தா, பிடிச்சுப் போச்சு. கெளம்புத நேரத்துல, "ஒண்ணே ஒண்ணுதான் மதினி. தாலி ஏறுததுக்கு முன்னால வேலைய விட்டுறணும். எங்க வீட்டு மருமவ அந்தரத்துல தொங்கக்கூடாது பாருங்க"ன்னா. நான் வாயத் தொறக்குததுக்குள்ள இந்த மனுசன், "அதுக்கென்ன மதினி, எறக்கிருவோம்"னுட்டாரு. கையில போனு. அன்னிக்குப் புதுப் பாகம் வாற நாளு. விஜிலா கதவோரம் நின்னா. பெறவு குசினிக்குள்ள வந்து, "ஏம்மா, நான் வேலைய விடணுமா?"ன்னு கேட்டா. "மொதல்ல கழுத்துல தாலி ஏறட்டும் மக்கா, மத்தத அப்புறம் பேசுவோம்"னேன். அப்பனும் பொண்ணும் ஒரே படத்தப் பாக்காவ, ஒரே வீட்டுல இருக்காவ. இவரு புத்தியில ஒரு நிமிசம் உறைக்கணுமே? உறைக்கல.

அதுக்கு அடுத்த வாரம் ஒருநா மத்தியானம் வீட்டுக்கு வந்தவரு சோத்துல கைய வைக்காம உக்காந்திருக்காரு. கண்ணு செவந்து கெடக்கு. சிலுவை அண்ணனுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சு, "யாரு? யாரு?"ன்னு தோளப் பிடிச்சு உலுக்குதேன்.

"ஜெபகனி போயிட்டா அமலோ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு சட்டியத் தூக்கி எறிஞ்சிருப்பேன். உள்ள சாள மீன் கொழம்பு இருந்துச்சு, அதனால எறியல.

இதோட முடிஞ்சுதுன்னுதான் நான் நெனச்சேன். கோட்டிக்கார மனுசன் எனக்குத் தெரியாம கோயிலுக்குப் போயி, உபதேசியாரப் பாத்து, பூசைக் கருத்துக்குக் குடுத்திருக்காரு. எங்க கோயில்ல காலைப் பூசைக்கு முன்னால, இன்ன இன்ன ஆத்துமாக்களுக்காக இந்தப் பூசைன்னு பேரு வாசிப்பாவ. உபதேசியார் பேரு கேட்டிருக்காரு. "ஜெபகனி." வயசு? "பதினாறு." எப்படி? "கடல்ல." உமக்கு என்ன உறவு? "நம்ம பிள்ளைதான்."

வெள்ளிக்கிழமை காலைப் பூசை. கோயில்ல நல்ல கூட்டம். நான் முன் பெஞ்சுல முட்டாக்குப் போட்டு முழங்கால்ல நிக்கேன். மைக்குல உபதேசியார் வாசிக்காரு: "பதினாறு வயதில் கடலில் இறந்த ஜெபகனியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கருத்துக் கொடுப்போர், தகப்பனார் மரியான்."

எம்பின்னால மொத்தக் கோயிலும் மூச்ச உள்ள இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. எந்திரிச்சு நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. சாமியார் பூசையத் தொடங்கிட்டாரு. பாவி மனுசன் ஆம்பளைங்க பக்கத்துல கண்ண மூடி கை கூப்பி நிக்காரு. நற்கருணை வாங்கையில கண்ணுலேருந்து தண்ணி ஒழுகுது. அத வேற எல்லாரும் பாத்தாவ.

நான் வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, துட்டி கேக்க ஆளு வந்துட்டு. பக்கத்து வீட்டு முத்துக்கனி காப்பித்தூளும் சீனியும் கொண்டாந்து வச்சிட்டு எங்கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. "எப்படிளா தாங்குத? அந்தப் பிள்ளை அம்மாவ நீ பாத்திருக்கியா?"ன்னு கேட்டா. அப்பத்தான் எனக்கே மண்டையில உறைச்சுது. எம்புருசனுக்கு வேற ஒரு குடும்பம் இருக்குன்னு ஊரு முடிவு பண்ணிட்டு. வேம்பார்ல வீடு எடுத்து வச்சிருக்காருன்னு மத்தியானத்துக்குள்ள இடமும் முடிவாயிட்டு. சாயந்திரம் ஒருத்தி, அவள பஸ்ஸுல பாத்திருக்கேன், செவத்தப் பொம்பளைன்னு நெறமும் சொல்லிட்டா.

அந்தாளப் பிடிச்சு நிறுத்தி காதுக்குள்ள கத்துனேன். "ஏன் இப்படிச் செஞ்சீரு? பொம்மைக்கு எவனாவது பூசை வைப்பானா?"

"உடம்பு கெடைக்கல அமலோ. ரோபோவும் இல்ல, தனியா எறங்கிட்டா. மேல பிடிக்க ஆளு இல்ல. கடல்ல போயி உடம்பு கெடைக்காத ஆத்துமாவுக்கு நாம பூசை வைக்காம விட்டிருக்கமா? அந்தப் பிள்ளைக்குன்னு யாரு இருக்கா?"

எங்க தெருவுல அப்படிப் போனவங்க எத்தனை பேருன்னு எனக்கும் தெரியும், எங்க அண்ணனும் அதுல ஒருத்தன். அவன நெனச்சு நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டேன். பெறவு ஆத்திரம் திரும்பி வந்துட்டு. "சரி, வெளிய போயி உண்மையச் சொல்லும். பொம்மைப் படத்துப் பிள்ளைக்குத்தான் வச்சேன்னு எல்லாருட்டயும் சொல்லும்."

மனுசன் தலையக் குனிஞ்சாரு. "அதச் சொன்னா சிரிப்பானுவளே."

கேட்டியளா? சின்ன வீடு வச்சிருக்கான்னு சொன்னா பரவால்ல, சிரிக்கத்தான் கூடாதாம். ஏன்னு எனக்கு ரெண்டு நாள்ல வெளங்கிப் போச்சு. மந்திரமூர்த்தி அண்ணாச்சி டீக்கடையில இத்தன வருசமா இவரு கடைசி ஆளு, அஞ்சு மட்டம் கேட்டாத்தான் டீ வரும். இப்போ போனதும் பெஞ்சுல எடம் விடுதாவ. "வாரும் மரியான் அண்ணாச்சி"ன்னு அண்ணாச்சியே எந்திரிச்சு டீய ஆத்திக் குடுக்காரு. சிலுவை அண்ணன் ஒருநா இவரு முதுகுல தட்டி, "ஏலே, இத்தன வருசம் கயிறு பிடிச்ச எங்கிட்டயே மறைச்சிட்டியே, பலே ஆளுடா நீ!"ன்னு கண்ணு கலங்கச் சொன்னாராம். காது கேக்காத, மூட்டுவலிக்காரன், ஐஸ் காக்குதவன். அவனுக்கும் வாழ்க்கையில ஒரு மருவாதி வந்துட்டு. வேணாம்னு சொல்ல மனசு வருமா?

எனக்கு அந்த மருவாதியப் பத்திக் கவலை இல்ல. ஆலந்தலைக்குச் சேதி போயிரும், அதுதான் கவலை. போயிட்டு. விக்டோரியா சிலுவை அண்ணனையும் கூட்டிக்கிட்டு மூணாம் நாள் வந்து நடு வீட்டுல உக்காந்துட்டா. காப்பிய வச்சேன், தொடல.

"மதினி, வேற குடும்பம் உள்ள வீட்டுல நான் எப்படிப் பிள்ளை எடுக்க? நாளைக்குப் பங்கு கேட்டு நாலு பேரு வந்து நின்னா எம்மவன் என்ன செய்வான்?"

விஜிலா மத்தியான ஷிப்டுக்குக் கெளம்பி, ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டுமா கதவுகிட்ட நிக்கா. மொகத்துல ரத்தம் இல்ல. எனக்கு அதுக்கு மேல பொறுக்கல. இவரு கையிலேருந்த போனப் பிடுங்கி, "இந்தா, இதுதான் ஜெபகனி. இவளுக்குத்தான் எம்புருசன் பூசை வச்சது"ன்னு விக்டோரியா மடியில போட்டேன். அவ என்னையப் பாத்தா, அவரப் பாத்தா, எங்க ரெண்டு பேருல யாரு கோட்டின்னு அளந்தா. சிலுவை அண்ணனுக்கு மொகம் தொங்கிப் போச்சு. மனுசனுக்கு அம்புட்டு ஏமாத்தம்.

"அந்தப் பாகத்தப் போடும்"னு இவருகிட்டச் சொன்னேன். போட்டாரு. நாலு பேரும் குனிஞ்சு பாத்தோம்.

ஜெபகனிக்குப் பதினாறு வயசு முடியுது. அன்னிக்குத் தாடிக்காரனும் இன்னும் நாலு பெரிய மனுசனுவளும் ஒரு மேசையச் சுத்தி உக்காந்து, இனி இவ வேண்டாம், வயசாயிட்டு, எறக்கிருவோம்னு முடிவு பண்ணுதானுவ. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவ எடத்துல பத்து வயசுப் பிள்ளை ஒண்ண உக்கார வைக்கானுவ. பழக்கமில்லாத கை, அந்தப் பிள்ளைக்கு மிசினு சொல்லு கேக்கல, ரோபோ அப்படியே கடலுக்குள்ள முங்குது. தாடிக்காரன் மேல நின்னு முழிக்கான். ஜெபகனி ஒரு சின்னப் படவுல போயி, வெறும் உடம்போட உள்ள எறங்குதா. கதவத் தொறந்து பிள்ளைய மேல தள்ளி விடுதா. பிள்ளை வந்துட்டு. அவ வரல. தண்ணி மேல ஒரு சடை நாடா மட்டும் மெதக்குது.

நான் கல்லு மாதிரி நிக்கணும்னுதான் நெனச்சேன். எங்கையும் கண்ணத் தொடைக்கப் போயிட்டு. விக்டோரியா முந்தானைய எடுத்து மூக்கத் தொடைக்கா. சிலுவை அண்ணன் கூரையப் பாக்காரு. இவரு ஏற்கெனவே பாத்தவரு, இருந்தும் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. "கை பழகுன பிள்ளைய ஏன்ல எறக்குனீங்க? எத்தன வருசம் ஆவும் அந்தக் கை வர? ஒரு வார்த்தை கேட்டியளால அந்தப் பிள்ளைகிட்ட?"ன்னு தாடிக்காரனப் போட்டுத் திட்டுதாரு.

"பாவிப் பயலுவ, வெளங்குவானுவளா?"ன்னா விக்டோரியா. "நல்லா ஓட்டிட்டிருந்த பிள்ளை."

காப்பிய எடுத்து ஒரே மடக்கா குடிச்சா. ஆறிப் போயிருந்துச்சு. பெறவு மூக்க உறிஞ்சிக்கிட்டே, "சரி, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. மனசு எளகுன மனுசன், அம்புட்டுத்தான். கல்யாணத்த வச்சிருவோம். இந்த மாசத்தோட வேலைய மட்டும் விட்டுறச் சொல்லுங்க"ன்னா.

இவரு கண்ணத் தொடைச்சிக்கிட்டே, "சரி மதினி, எறக்கிருவோம்"னாரு.

சத்தியமா இப்படித்தான் சொன்னாரு. கண்ணீரு இன்னும் தாடையில நிக்கி. நான் தலையில கைய வச்சிட்டேன்.

விஜிலா ரெண்டு எட்டு உள்ள வந்தா. "மாமி, இப்போ நீங்க எதுக்கு அழுதீங்க?"

"அந்தப் பிள்ளைய அநியாயமா எறக்கிட்டானுவளே மக்கா."

"என்னையும் எறங்கத்தான சொல்லுதீங்க?"

விக்டோரியாவுக்கு நெசமாவே ஒண்ணும் புரியல. நல்ல பொம்பளதான், மனசுல கள்ளம் இல்ல. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்க மாதிரிப் பொறுமையாச் சொன்னா: "அது படம்ளா. நீ பொம்பளப் பிள்ளை."

இவரு காதுல அது விழல. "என்ன சொல்லுதாவ?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் காதுக்குள்ள வாய வச்சுக் கத்துனேன். "அது படமாம்! உம்ம மவ பொம்பளப் பிள்ளையாம்! அதனால அவளுக்கு அழுவலாமாம், இவள எறக்கலாமாம்! கேட்டுதா? தாடி இல்ல, அது ஒண்ணுதான் உமக்குக் கொறச்சல்!"

தெருவே கேட்டிருக்கும். கேக்கட்டும்னுதான் கத்துனேன்.

மனுசன் போனப் பாத்தாரு, மவளப் பாத்தாரு. அந்த ஆரஞ்சுச் சட்டைய இத்தன வருசமா தெனம் பாக்காரு, அன்னிக்குத்தான் பாக்குத மாதிரிப் பாத்தாரு. பெறவு மூட்டப் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு.

"மதினி, நான் ரெண்டு மட்டம் சரின்னு சொல்லிட்டேன். ரெண்டும் எம்பிள்ளைகிட்டக் கேக்காமச் சொன்னது. தப்பு. விஜிலா, நீ சொல்லும்மா."

எம்பிள்ளை உதட்டக் கடிச்சா. அவளுக்கு ரெக்சன் மேல உள்ள ஆசை எனக்குத்தான தெரியும். "எனக்கு அவரும் வேணும்ப்பா, கிரேனும் வேணும். அவரு கப்பல்ல வாற பெட்டிய எவளாவது எறக்கித்தான ஆவணும்? நான் எறக்குனா என்ன?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லு மக்கா"ன்னா விக்டோரியா. கோவமாச் சொல்லல.

விஜிலா சாப்பாட்டுப் பையத் தோள்ல மாட்டுனா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமி. வாரேன்"னு சொல்லிட்டு எறங்கி நடந்தா.

விக்டோரியா சேலையச் சரிபண்ணிக்கிட்டு எந்திரிச்சா. வாசல்ல நின்னு எங்கையப் பிடிச்சு, "மதினி, ஒண்ணு கேக்கேன். பொண்ணு வேலைய விடமாட்டேன்னு எம்மவன வேண்டாம்னுட்டான்னு ஊருல தெரிஞ்சா, பெறவு அவனுக்கு எவ கழுத்த நீட்டுவா? வேற குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சு நாங்கதான் விட்டுட்டோம்னு சொல்லிக்கிடுதேன். உங்களுக்கும் அந்தப் பேரு ஏற்கெனவே இருக்கு"ன்னா.

நான் இவரப் பாத்தேன். இவரு சிலுவை அண்ணனப் பாத்தாரு. "சொல்லிக்கிடுங்க மதினி"ன்னாரு. சிலுவை அண்ணன் மொகத்துல மறுபடி வெளிச்சம் வந்துட்டு.

அன்னிக்கு வேலை முடிஞ்சு வந்த பிள்ளை குசினியில எம்மடியில கெடந்து அழுதா. ரெக்சன் போனுல பேசுனானாம். அம்மா பேச்ச மீற முடியாதுன்னானாம். அதையும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னானாம். நானும் அழுதேன். எம்பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்காதான்னு மாதாகிட்டச் சண்டை போட்டேன். அவங்கப்பன் குசினி வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தாரு, உள்ள வரத் தைரியமில்ல. அவரா ஒரு காப்பி போட்டுக் கொண்டாந்து பிள்ளை கையில குடுத்தாரு. சீனிக்குப் பதிலா உப்பு. பிள்ளை அத முழுசாக் குடிச்சா. மறுநா ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனா.

ரெண்டு மாசம் ஓடிப் போச்சு. தெருவுல என்னையக் கண்டா எல்லாருக்கும் எரக்கம். உண்மையச் சொல்லிப் பாத்தேன். ஜப்பான், ரோபோ, பொம்மைன்னு ஆரம்பிச்சாலே, பாவம், துக்கத்துல பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சிட்டுன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுதாவ. சொல்லுதத விட்டுட்டேன்.

நேத்து மீன் மார்க்கெட்டுல முத்துக்கனி என்னைய ஓரமா இழுத்துட்டுப் போனா. ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த கேள்வி போல. "ஏளா அமலோ, அந்த வேம்பார் வீட்டுல மொத்தம் எத்தன பிள்ளை?"

எனக்கு எங்கேருந்து அப்படி வந்துச்சுன்னு தெரியல.

"அஞ்சு"ன்னேன். "அஞ்சும் பொட்டப் பிள்ளை. ஒண்ணு கடல்ல போயிட்டு. மிச்ச நாலும் வேலைக்குப் போவுது."

"ஏ அம்மா, நாலா! கல்யாணம் காட்சி ஒண்ணும் பாக்கலையா?"

"கேட்டு வந்தாவ. பிள்ளை வேலைய விடணும்னாவ. அவங்கப்பன் முடியாதுன்னுட்டாரு."